குகையிலே கிடந்த கலங்கள்

பொருளை இழந்தவன் உழைத்துப் பெறலாம். ஆட்சியை இழந்தவன் போரிட்டு மீட்கலாம். தான் யார் என்பதையே இழந்துவிட்ட இனம் எதைக் கொண்டு மீள்வது? இழந்தது இன்னதென்றுகூடத் தெரியாத நிலையல்லவா அது! ஏடுகள் பலவற்றைப் புரட்டி விடை தேடவேண்டிய இக்கேள்வியை, சிறுவர் சிறுமியர் கைகொட்டிக் களிக்கும் ஒரு சித்திரப்படம் எழுப்பியிருக்கிறது என்றால், வெறும் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்கிவிடலாமோ?

அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'மோவானா' எனும் படம் அது. பசிபிக் பெருங்கடலிலே மோட்டுநூயி என்றொரு கற்பனைத் தீவு. தென்னை அழுகுகிறது, வலையிலே மீன் விழவில்லை, வயிறு காய்கிறது. ஆயினும் பவளப்பாறைக்கு அப்பால் எவரும் செல்லலாகாது என்பது தலைவன் கட்டளை. ஏன்? அதுதான் வழக்கம்! வகுத்தவர் யார்? முன்னோர்! அத்தலைவனின் மகள் மோவானாவைப் பாட்டி ஒரு குகைக்கு அனுப்புகிறாள். அருவிக்குப் பின்னே, இருளுக்குள்ளே, வரிசை வரிசையாகப் பாய்மரக் கலங்கள்! அம்மக்களின் முன்னோர் கடலைக் கண்டு நடுங்கியவரல்லர். கடலைக் கடந்து தீவுதோறும் குடியேறிய மாவீரர். எந்த முன்னோர் பெயரைச் சொல்லிக் கடல் தடுக்கப்பட்டதோ, அந்த முன்னோரே கடலோடிகள்!

பகுத்தறிவுப் பாசறையிலே பயின்றோர்க்கு இக்காட்சியின் பொருளை விளக்கவும் வேண்டுமோ? ஆதிகாலம் தொட்டு இருந்துவருவது என்று அதட்டிக் கூறப்படும் வேலியைத் தோண்டிப் பார்த்தால், அது இடைக்காலத்திலே நட்டதென்பது புலப்படும். பழமையின் பெயரால் பூட்டு. பழமையைத் துருவினாலோ, கையிலே சாவி!

இந்தப் படத்தை ஒரு மாலை, எமது படிப்பகத்திலே சிறுவர்களுக்குத் திரையிட்டோம். முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்தான். "அண்ணா, கடல் அவளைத் தேர்ந்தெடுக்காமல் இருந்திருந்தால், அந்த மக்கள் அந்தத் தீவிலேயே பட்டினி கிடந்திருப்பார்களா?" என்றான். அவையிலே எழுந்து நின்று கேட்கத்தக்க வினா! ஏனெனில் படத்திலே மோவானா நடைபழகும் பருவத்திலேயே கடல் அவளைத் தேர்ந்தெடுத்து, கையிலே மந்திரக்கல்லைக் கொடுக்கிறது. அவள் வீழ்ந்தால் தூக்குகிறது. திசை தவறினால் தள்ளிவிடுகிறது. கலம் செலுத்தும் கலையை அவளுக்குக் கற்பிப்பவனோ மௌயி எனும் அரைத்தெய்வம். நோயைச் சரியாகக் கண்ட மருத்துவர், மருந்துக்குப் பதில் தாயத்து எழுதிக் கொடுத்தது போலாயிற்று! சிறுவனின் கேள்விக்கு விடை படத்தில் இல்லை. அம்மக்களின் மெய் வரலாற்றிலே இருக்கிறது. அன்று அவனுக்குக் கூறியதையே இங்கும் எழுதுகிறோம்.

கதையிலே கடற்பயணம் நின்றதற்குக் காரணம், மௌயி ஒரு தேவியின் இதயக் கல்லைத் திருடியதால் சூழ்ந்த இருள். வரலாற்றிலும் ஒரு நீண்ட இடைவெளி உண்டு. ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் சமோவா, டோங்கா தீவுகளிலே குடியேறிய மக்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதற்குக் கிழக்கே பரவவில்லை. பிறகே தஹிட்டி, ஹவாய், நியூசிலாந்து எனச் சென்றனர். ஏன் நின்றனர், ஏன் மீண்டும் புறப்பட்டனர் என்று ஆராயும் அறிஞர்கள், காற்றின் திசைமாற்றத்தையும் கலங்களின் அமைப்பையும் கணக்கிடுகின்றனர். சாபத்தைக் கணக்கிடுவார் எவருமில்லை!

1769ஆம் ஆண்டு தஹிட்டிக்கு வந்த காப்டன் குக்கின் கப்பலிலே துப்பாயா என்ற தீவுவாசி ஏறினார். சுற்றிலுமுள்ள தீவுகள் பலவற்றின் பெயர்களைக் கூறினார். அவர் கூறியதைக் கொண்டு வரைந்த கடல்வரைபடம் இன்றும் உண்டு. கண்கண்ட சான்று! ஆயினும் பின்வந்த மேலைநாட்டார் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. 1947இல் தோர் ஹெயர்தால், தென் அமெரிக்காவிலிருந்தே மக்கள் அத்தீவுகளுக்கு மிதந்து வந்திருக்கக்கூடும் என்று காட்ட, பெரு நாட்டிலிருந்து கட்டுமரமேறி 101 நாள் மிதந்தார். 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பார், நெடுந்தூரத் தீவுகளிலே அவர்கள் குடியேறியது திட்டமிட்டன்று, காற்றும் நீரோட்டமும் அடித்துச் சென்றதால்தான் என்று நூல் எழுதினார். அறிவால் சென்றவரை, அடித்துச் செல்லப்பட்டவர் என்றனர்! ஹவாயிலோ, 1893இல் அரசியைக் கவிழ்த்தனர். 1896இல் பள்ளிகளிலே ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டமியற்றினர். நாடும் போயிற்று, நாவும் போயிற்று!

மீட்க வந்தது கடலரசனா? அல்ல! 1973இல் ஹவாயிலே சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். பழைய வடிவிலே இரட்டைக்கலம் ஒன்றைக் கட்டி, 1975இல் மிதக்கவிட்டனர். ஹவாயின் தலைக்கு நேரே கடந்து செல்லும் விண்மீனின் பெயரை, 'ஹோக்கூலேயா' என, அதற்குச் சூட்டினர். கலம் உண்டு, ஆனால் கருவியின்றிச் செலுத்தத் தெரிந்தவர் ஹவாயிலே எவருமில்லை! எங்கோ மைக்ரோனீசியாவிலே, சத்தவால் எனும் சின்னஞ்சிறு தீவிலே, மௌ பியாய்லுக் என்பவர் இருந்தார். படத்திலே மௌயி எனும் தெய்வம். வரலாற்றிலே மௌ எனும் மனிதர்! பிள்ளைப் பருவத்திலே பாட்டனாரிடம் கற்றவர் அவர். எந்த விண்மீன் எங்கே எழும், எங்கே விழும். அலை எத்திசையிலிருந்து வந்து கலத்தைத் தாலாட்டும். காலையிலே கடலுக்குப் பறக்கும் பறவை மாலையிலே எந்தப் பக்கம் கரை திரும்பும். இவைதாம் அவருடைய ஏடு. 1976ஆம் ஆண்டு, திசைகாட்டியும் வரைபடமும் இன்றி, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து, ஒரு மாதத்துக்குச் சற்றே மேற்பட்ட நாளில், அவர் கலத்தைத் தஹிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கரையிலே பல்லாயிரவர் திரண்டு நின்று வரவேற்றனர். ஏளனத்துக்கு விடை எதிர்ப்புக் கூச்சலாக வரவில்லை. ஒரு பயணமாக வந்தது.

இங்கே நாம் நின்று எண்ணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மௌவின் தீவிலே அக்கலை குலவழியாகக் காக்கப்பட்டது. அயலார்க்கு உரைக்கலாகாது என்பது மரபு. அவர் அந்த மரபை மீறினார்! பூட்டி வைத்தால் பூண்டற்றுப் போகும் என்பதை உணர்ந்து, வேற்றுத் தீவினர்க்கு வாரி வழங்கினார். அவரிடம் பயின்ற நைனோவா தாம்ப்சன் எனும் ஹவாய் இளைஞர், ஹோனோலூலுவின் கோளரங்கத்திலே விண்மீன்களை ஆராய்ந்து, 1980இல் தாமே கலம் செலுத்தித் தஹிட்டி சென்று மீண்டார். பாட்டன் சொல்லும் கோளரங்கமும் கைகோத்தன. கற்கும் உரிமை சிலர்க்கே என்ற விதி கோலோச்சிய நாட்டிலே பிறந்த நமக்கு, அம்மனிதரின் பெருமையை வேறெவரும் எடுத்துக் கூறவேண்டுமோ?

மொழியும் மீண்டது. 1978இல் ஹவாய்மொழி ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. 1984இல் மழலையர்க்குத் தாய்மொழிப் பள்ளி எழுந்தது. 2018இல் மோவானாவே ஹவாய்மொழியிலே பேசினாள். எந்த மொழி பள்ளியினின்று விரட்டப்பட்டதோ, அம்மொழியிலே திரை பேசிற்று!

தோழர்களே, நம்மிடமும் உண்டு, கடலடியிலே தாயகம் தேடும் ஆர்வம். குமரிக்கண்டம் என்றதும் நமது தோள்கள் விம்முகின்றன. அதற்குத் துணையாகக் காட்டப்படும் 'லெமூரியா', 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் எனும் விலங்கியலார் செய்த ஊகம். நிலத்தட்டுகள் நகர்வது மெய்ப்பிக்கப்பட்டதும் அறிவியல் அதனைக் கைவிட்டது. மாற்றாரின் புராணத்தைச் சுடர்விளக்குப் பிடித்துச் சோதிக்கும் நாம், நமது புராணத்தின் முன் விளக்கை அணைக்கலாமோ? கீழடியிலே கரியை அளந்தனர், கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019இல் அறிக்கை வந்தது. பானை ஓட்டிலே எழுத்து! எளிய மக்கள் புழங்கிய பானையிலே எழுத்து! கடல் கொண்ட கண்டம் தராத பெருமையை, கையகல ஓடு தந்தது. அதனை எந்த வழக்குமன்றத்திலும் எடுத்து வைக்கலாம்.

படம் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அருவிக்குப் பின்னே குகை உண்டென்று அது சொல்வது உண்மை. ஆனால், கடல் வந்து நம்மைத் தேர்ந்தெடுக்கும் என்று காத்திருக்கவேண்டாம் என்பதையும் கூடவே சொல்லுங்கள். ஹவாய் மக்களைக் கடல் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் கலத்தைக் கட்டினர், வானத்தைப் படித்தனர், அறிந்தவரை அடைந்து கேட்டனர், புறப்பட்டனர். எவரும் தேர்ந்தெடுக்கலாம் அந்த வழியை!