ஏழு மணிக்கு மேல் பேசாத போன்

நம்மவர்களுக்குப் பேச இடம் ஒதுக்கிக் கொடுத்தால் பேச்சே வராது. டீக்கடை பெஞ்சில், பஸ் ஸ்டாண்டில், கல்யாணப் பந்தியில், ஏன், துக்கம் விசாரிக்கப் போன வீட்டுத் திண்ணையில்கூடப் பேசித் தீர்ப்போம். ஆனால் ‘இதோ, நீங்கள் பேசுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர்’ என்று ஆபீஸில் கொண்டுவந்து வைத்தால் போதும். அத்தனை பேரும் மௌனச் சாமியார்! முப்பது நாள் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அடியேன் பி.காம். அதுவும் எழுதிப் பிழைக்கத் தீர்மானித்த பி.காம். எழுத்து அரிசிக்கு ஆகும், பருப்புக்கு ஆகாது. ஆகவே திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனிக்கு மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். சோப்பு, பிஸ்கட், கொசுவர்த்தி வகையறா. மேற்கே பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கிழக்கே ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணி போகிற வழியெல்லாம் இவர்கள் சரக்கும் போகும். ஆட்கள் 41 பேர். பெரிய முதலாளி எல்லோருக்கும் ‘அண்ணாச்சி’. சின்ன முதலாளி கோயமுத்தூரில் எம்.பி.ஏ. முடித்து வந்தவர். அங்கேதான் ஆரம்பித்தது.

“ஆபீஸ் விஷயம் பூரா வாட்ஸ்அப்புல செதறிக் கெடக்கு சார். ஆபீஸுக்குன்னே ஒரு சோஷியல் ஆப் போடுவோம். முப்பது நாள் ட்ரயல். ஆட்களைப் பழக்கிவிட வேண்டியது உங்க பொறுப்பு” என்றார்.

கணக்குப் பார்க்கிறவனுக்கு இது எப்படி வேலையாகும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குத் தனியாக ஒரு தொகை என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் பயிற்சி வகுப்பு. மெதுவடை, காபி உண்டு என்று அறிவித்ததால் 41 பேரும் ஆஜர். 39 பேர் ஆப்பை டவுன்லோட் செய்தார்கள். கோடவுனில் மூட்டை தூக்கும் இரண்டு பேரிடம் பட்டன் போன்தான். அவர்கள் வடையை மட்டும் டவுன்லோட் செய்தார்கள். சாயந்திரத்துக்குள் 36 ‘காலை வணக்கம்’ வந்து விழுந்தது. சாயந்திரம் ஏன் காலை வணக்கம் என்று கேட்காதீர்கள். கைவசம் இருந்த ரோஜாப்பூ படத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

நாலாம் நாள் பார்த்தால் சின்ன முதலாளி மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ‘டீம், இந்த வாரம் நம்ம டார்கெட் என்ன?’ கீழே 38 கட்டைவிரல். அதே நேரத்தில் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் லாரி வராதது, ரேட் மாறியது, சேரன்மகாதேவி கடைக்காரர் செக் திரும்பியது எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் சின்ன முதலாளி பரிசு அறிவித்தார். ஆப்பில் அதிகம் எழுதுகிறவருக்கு அரைக் கிலோ அல்வா! பில் போடும் பையன் ஒருவன் ஒரே நாளில் 114 மெசேஜ் போட்டான். அத்தனையும் ‘ஓகே சார்’. யாருக்கு ஓகே, எதற்கு ஓகே, ஒன்றும் கிடையாது. அல்வாவை வாங்கிக்கொண்டு மறுநாள் ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டான். இடம் பற்றவில்லையாம்.

இது நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் கம்பெனி ஆபீஸ்களுக்கென்றே ‘வொர்க்ப்ளேஸ்’ என்று ஒன்றை 2016-ல் கொண்டுவந்தது. உலகத்தையே அரட்டை அடிக்க வைத்த கம்பெனி! அதுவே 2024-ல் கடையைக் கட்டப் போவதாக அறிவித்துவிட்டது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2019 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை. அங்கே ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோ, 2021-ல் ‘அரட்டை’ என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் மத்திய மந்திரிகள் சுதேசி என்று சிபாரிசு செய்ய, தினம் 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் தினம் 3,50,000 பேர் என்று ஆனதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நானும் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த 63 பேர் உள்ளே இருந்தார்கள். பேசியவர் ஒரே ஒருவர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மற்றவர்கள் ‘நானும் அரட்டையில சேந்துட்டேன்’ என்பதை வாட்ஸ்அப்பில்தான் சொன்னார்கள். ஆப்பின் மேல் குற்றமில்லை. பேச வேண்டிய ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேதானே போக முடியும்?

ஜெயித்தவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். கனடாக்காரர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கூட்டாளிகளும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தார்கள். 2012-ல் அது படுத்துவிட்டது. விளையாட்டைச் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த ஏற்பாடுதான் பிறகு ‘ஸ்லாக்’ ஆயிற்று. 2021-ல் அதை சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிய விலை சுமார் 2,770 கோடி டாலர்! ஆனால் ஆரம்பத்தில் தெரிந்த கம்பெனிகளிடம் ‘கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்’ என்று கெஞ்சியிருக்கிறார்கள். ஒரு குழு தங்களுக்குள் 2,000 மெசேஜ் பரிமாறிக்கொண்டுவிட்டால் நூற்றுக்கு 93 குழுக்கள் அப்புறம் விட்டுப் போவதில்லை என்பது அவர்கள் கண்டறிந்த கணக்கு. வேலை நடப்பதற்காகப் போட்ட 2,000 மெசேஜ். அல்வாவுக்காகப் போட்டது அல்ல.

கொக்கிரகுளத்தில் ஆற்றின் குறுக்கே நிற்கிறதே, சுலோசன முதலியார் பாலம். 1843-ல் மனிதர் கைக்காசைப் போட்டுக் கட்டியது. அதில் நடப்பதற்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை, வடை போடவில்லை. இந்தக் கரையில் இருந்தவனுக்கு அந்தக் கரையில் வேலை இருந்தது, நடந்தான். எங்கள் ஆப்புக்கு அக்கரையில் ஒன்றுமே இல்லை. அதுதான் சங்கதி.

இதை எனக்குப் புரிய வைத்தவர் கணக்குப் பிரிவு அக்கா. இருபது வருஷ சர்வீஸ்.

“தம்பி, அந்த ஆப்புல அண்ணாச்சி இருக்காவ, சின்னவரு இருக்காரு. மொதலாளி இருக்க எடத்துல எவன் வாயத் தொறப்பான்? சரி, அதை விடுங்க. வாட்ஸ்அப்புல ராத்திரி பத்து மணிக்கு ‘இன்னைக்கு வசூல் எவ்வளவு’ன்னு கேக்காவ. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு ரெண்டு எடத்துலயும் கேட்டா நாங்க எப்பம் தூங்க?”

அம்பாசமுத்திரம் லைன் போகும் சேல்ஸ்மேன் சொன்னது இன்னும் மோசம். அப்பாவை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். போன் முனகுகிறது. டாக்டர் கூப்பிடுகிறாரோ, வீட்டிலிருந்தோ என்று பதறி எடுத்தால், ‘அம்பை பாக்கி என்னாச்சு?’. நீல டிக் விழுந்துவிட்டது. பார்த்தும் பதில் போடவில்லை என்று மறுநாள் நாற்பது பேர் முன்னால் பாட்டு. “அதுலருந்து போன் சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்குது சார்” என்றார். ஆபீஸ் போன் வேறு, வீட்டுப் போன் வேறு என்று இரண்டு வைத்துக்கொள்ள அவர் என்ன கலெக்டரா?

அந்த ஆப்பின் செட்டிங்கைக் குடைந்து பார்த்தேன். வேலை நேரம் என்று ஒன்று குறிக்கலாம். அதற்கு வெளியே மெசேஜ் போட்டால் சத்தம் போடாமல் காத்திருக்கும். மறுநாள் காலையில்தான் மணி அடிக்கும். சின்ன முதலாளி விளக்கிய 22 சிறப்பம்சங்களில் இது கிடையாது. எனக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றியது.

அண்ணாச்சியிடம் போனேன். “ராத்திரிதாம்வே எனக்கு ரோசனையே வருது. அத எங்கன போய்ச் சொல்ல?” என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வியாபாரக் கதையையும் சொன்னேன். போன வருஷம் வேலையை விட்டுப் போன சேல்ஸ்மேனோடு அவர் சொந்த நம்பரும் போயிற்று. அதிலிருந்த கடைக்காரர்களின் ஆர்டர் விவரமும் போயிற்று. ஆப்பில் இருந்தால் அது கம்பெனி சொத்து. பி.காம். பாஷை அவருக்கு உடனே விளங்கியது.

ஒப்பந்தம் இதுதான். லீவு கேட்பது, அன்றைய வசூல், சரக்கு இருப்பு மூன்றும் இனி ஆப்பில் மட்டும். லீவு கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில். ராத்திரி ஏழு மணியோடு மணி நிற்கும். முதலாளிகள் இருவரும் பழைய வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேற வேண்டும். அவர்கள் நகராமல் ஆட்கள் நகரமாட்டார்கள்.

பதினேழாம் நாள் அண்ணாச்சி ஒற்றை விரலால் ஆப்பில் முதல் வரியைத் தட்டினார்: ‘லீவு எடுத்துக்கிடும். அப்பாவப் பாரும்.’ அதற்குக் கட்டைவிரல் படம் யாரும் போடவில்லை. ஆனால் மறுநாள் காலை ஒன்பதரைக்குள் பத்தொன்பது பேர் வசூல் கணக்கை ஆப்பில் போட்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் கணக்கு: 39 பேரில் தினமும் பயன்படுத்துகிறவர்கள் 27. அல்வா வாங்கிய பையனும் அதில் ஒருவன். பொங்கலுக்கு லீவு வேண்டுமே! பட்டன் போன்காரர்களுக்கு அக்கா தினம் காலையில் லோடு விவரத்தைக் கோடவுன் போர்டில் சாக்பீஸால் எழுதிவிடுகிறார். பழைய வாட்ஸ்அப் குரூப் செத்துவிடும் என்று சின்ன முதலாளி எதிர்பார்த்தார். இல்லை. முதலாளிகள் வெளியேறிய பிறகு அங்கே கிரிக்கெட், சினிமா என்று கொடிகட்டிப் பறக்கிறது. அது அவர்கள் பெஞ்ச். ஆபீஸ் அதில் போய் உட்கார வேண்டியதில்லை.

வேலை நேரம் முடிந்தால் ஆபீஸ் போனை எடுக்காமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டத்திலேயே கொண்டுவந்தன. இங்கே 2025 டிசம்பரில் சுப்ரியா சுலே லோக்சபாவில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். சட்டம் வருகிறபோது வரட்டும். புது சாஃப்ட்வேர் வாங்கப் போகும் முதலாளிகள், அது என்னென்ன செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஆட்களுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணாச்சிக்கு இப்போதும் ராத்திரி பத்து மணிக்குத்தான் யோசனை வருகிறது. தட்டிவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் அதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துப் பாதியை அழித்துவிடுகிறார் என்று அக்கா சொன்னார்.