கொடியேற்றம் முதல்

ஜூலை 26
பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டது. வெடிச்சத்தம் வீடு வரை கேட்டது. போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையிலேயே வலித்தது. கோர்ட்டில் விவாகரத்து ஆயிற்று. கோயில் கணக்கில் இன்னும் அவர் பெண்சாதிதான். கல்யாணமே செல்லாது என்று கோயில் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கணும். அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "பார்ப்போம்" என்றான்.

ஜூலை 28
தீர்ப்பாயத்துக் கேள்வித்தாள். கல்யாணத்துக்குச் சம்மதம் எப்படிக் கொடுத்தீர்கள்? எழுதி எழுதி அடித்தேன். கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முந்தின ராத்திரி. அப்பா கையில் பூச்சிமருந்து பாட்டில். பச்சை மூடி. அண்ணன்தான் பிடுங்கினான். செத்தவரை எப்படி இழுப்பேன்? சோறு இறங்கவில்லை.
அண்ணன் போன் எடுக்கவில்லை.

ஜூலை 30
தீர்ப்பாயத்து ஃபாதர் டீ வரவழைத்தார். அழுதுவிட்டேன். பயமுறுத்தி வாங்கின சம்மதத்தால் திருமணம் செல்லாது, சட்டம் 1103 என்றார். ஆனால் நிரூபிக்கணும். திருமணம் செல்லும் என்று வாதாடவே ஒரு ஃபாதர் இருக்கிறாராம். முன்பெல்லாம் இரண்டு தீர்ப்பாயம் ஒத்துச் சொல்லணும். 2015-இல் போப் பிரான்சிஸ் அதை எடுத்துவிட்டார். மேல்முறையீடு இல்லையென்றால் ஒரே தீர்ப்பு போதும். மனசு லேசாயிற்று. பஸ்ஸில் மறுபடி கனத்தது.
அண்ணன் போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1
சித்தி வந்தாள். "கல்யாணமே இல்லன்னா பிள்ளைக்கு என்ன பேரு?" பாப்பா பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஃபாதர் சொன்னதைச் சொன்னேன்: செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் பிள்ளை முறையான பிள்ளைதான், சட்டம் 1137. சித்தி உதட்டைப் பிதுக்கினாள். ராத்திரி எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பாப்பாவின் கால் என் வயிற்றின் மேல். நகர்த்தவில்லை.

ஆகஸ்ட் 3
அண்ணன் வந்தான். "அப்பா பேரைக் கெடுக்கணுமா?" கத்திவிட்டேன். அப்பா பேர், அப்பா பேர். என் பேர்? தொண்டை கட்டிவிட்டது. சாப்பிடாமலே போய்விட்டான். அவன் வேண்டாம். யாருமே வேண்டாம்.

ஆகஸ்ட் 5
திருவிழா. நன்மை வாங்கினேன். மறுமணம் செய்யாதவள் வாங்கலாம். விவாகரத்து அதற்குத் தடையில்லை. நாக்கில் அப்பம் ஒட்டிக்கொண்டது. சித்தி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.
கூட்டத்தில் அண்ணனைத் தேடினேன். காணோம்.

ஆகஸ்ட் 7
காலையிலேயே அண்ணன் வந்து நிற்கிறான். "பாட்டில் விஷயத்தை நானே சொல்றேன். நீ எழுதாத." சாட்சிப் பட்டியலில் அவன் பேரை முதலில் எழுதினேன். மனு கொடுத்தாயிற்று. அவருக்கு நோட்டீஸ் போகும். அவர் வராவிட்டாலும் விசாரணை நடக்கும்.