இருந்து ஆடும் கரப்பந்து

இலங்கையின் வன்னியில் வெளிக்களக் குழு விளையாட்டு ஒன்றுக்கு ஆட்களைச் சேர்த்தால், செயற்கைக் கால் போட்டவர், சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையோ கேள்வியோ குறைந்தவர், உடம்பில் இன்னும் ஷெல் துண்டோடு திரிபவர் என்று எல்லாரும் அதில் இருக்கக்கூடும். 2009இல் முடிந்த போரின் மிச்சம் அது. கையேடுகளில் உள்ள விளையாட்டுகளை இங்கே அப்படியே இறக்க முடியாது. ஒளித்து வைத்த பொருளைப் பற்றைக்குள் தேடி எடுப்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கும். பாதையை விட்டு இறங்காதே, தெரியாத பொருளைத் தொடாதே என்று மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பில் பிள்ளைகள் படித்ததை அது அரை மணி நேரத்தில் அழித்துவிடும். கண்ணைக் கட்டி நடத்துவதும் பலருக்கு வேறு நினைவைக் கிளப்பும். அதற்குப் பதில் பின்பக்கமாக நடக்கச் சொன்னாலே போதும்: நால்வர் தண்ணீர்க் குடத்தைக் கம்பில் தூக்கிப் பின்னால் நடக்க, நாற்காலியில் இருப்பவர் வழி சொல்லலாம். வெடிச் சத்தமும் அதே நினைவைக் கிளப்பும் என்பதால் பலூன் உடைப்பதும் வேண்டாம்.

புள்ளி எழுத ஒரு கதிரை போட்டு மாற்றுத்திறனாளியை அதில் இருத்துவது வழக்கம். மரியாதையாகச் செய்யப்படும் ஓரங்கட்டல் அது. அதற்கு நல்ல மாற்று, 1956இல் நெதர்லாந்தில் தோன்றிய அமர்வுக் கரப்பந்து. களம் 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். வலை ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05. பந்தை அடிக்கும்போது பிட்டம் தரையை விட்டு எழக்கூடாது. இரண்டு காலும் உள்ளவர் முதல் பத்து நிமிடம் திணறுவார். நீட்டிய கால் குறுக்கே நிற்கும், கையை ஊன்றி நகர வராது. செயற்கைக் காலைக் கழற்றி வைத்தவர் அதற்குள் பந்துக்குக் கீழே போயிருப்பார். கிரவல் தரை தோலைக் கிழிக்கும். புல்லில் படங்கு விரிப்பது நல்லது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவரை மட்டும் தரையில் இறக்கக்கூடாது. உணர்ச்சி இல்லாத இடத்தில் உராய்வு புண்ணாவது அவருக்கே தெரியாது. அவருக்குக் குடத்து விளையாட்டுத்தான் சரி.

முள்ளந்தண்டு வடப் பாதிப்பால் சரியாக வியர்க்காத உடம்பு சூட்டை எளிதில் வெளியேற்றாது. வியர்த்த உடம்பில் செயற்கைக் காலின் குழி வழுக்கி அறுக்கும். ஆகவே காலை பத்து மணிக்குள் முடிப்பது உத்தமம். கேள்வி குறைந்தவருக்காக விசிலோடு கொடியும் அசைய வேண்டும். நாற்காலி நுழையும் மலசலகூடம் இல்லாத மைதானம், எவ்வளவு நிழல் இருந்தாலும் கணக்கில் வராது. வாசல் 80 சென்ரிமீற்றராவது இருக்கிறதா என்று முதல் நாளே நாடா பிடித்து அளந்துவிட வேண்டும்.