நுழைவதும் நிலைப்பதும்

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லவிருக்கும் பிள்ளைக்கு விசா வழங்க இசைந்துவிட்டார்கள் என்னும் செய்தி கிடைத்த நாளை, நம் குடும்பங்கள் ஏறக்குறையத் திருநாளாகவே கொண்டாடுகின்றன. சென்னை அண்ணா மேம்பாலத்தை அடுத்துள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வெளியே, வெயிலையும் பொருட்படுத்தாது காத்து நின்ற தந்தை, அன்று மாலையே உறவினர் வீடுகளுக்கு இனிப்போடு செல்கிறார். பங்கு இல்லத்துக்கும் ஒரு பெட்டி வந்து சேர்கிறது. அம்மகிழ்ச்சியில் நாமும் கலந்து கொள்கிறோம். பல்லாண்டு உழைப்பும், அடகு வைத்த நகையும் நிலமும் அச்சிறு தாளுக்குப் பின்னால் இருக்கின்றன அல்லவா? எனினும், அத்தாள் எதைத் தரும், எதைத் தராது என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் அறிந்திருக்கிறார்களா என்னும் ஐயம் அண்மை ஆண்டுகளில் நம்மை விட்டு அகலவில்லை.

விசா என்பது வாயில். நாட்டின் எல்லையில் வந்து நின்று, உள்ளே விடுமாறு கேட்பதற்கான அனுமதி அது; அவ்வளவே. உள்ளே சென்றபின் அங்கே தங்கும் உரிமையைத் தருவது வேறொன்று. அதனை ‘ஸ்டேட்டஸ்’ என்கின்றனர். தமிழில் தகுதிநிலை எனலாம். எஃப்-1 என்னும் மாணவ விசாவில் நுழைந்தவர், மெய்யாகவே மாணவராக வாழும் வரையில்தான் அத்தகுதிநிலை அவருக்கு உண்டு. விசாவின் நாள் கடந்த பின்னும் தகுதிநிலை உயிரோடிருக்கலாம். வெளியேறி மீண்டும் நுழையும்போதுதான் புது விசா தேவைப்படும். மாறாக, ஐந்தாண்டு விசா கையில் இருக்கும்போதே, தகுதிநிலை ஒரே பருவத்தில் இறந்துபோகவும் கூடும். பதிவேட்டில் கையொப்பமிட்டதோடு இல்லறம் நிறைவு பெற்றுவிடுவதில்லை அன்றோ? இதுவும் அத்தகையதே.

இக்கண்காணிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் அறிதல் நன்று. 1993ஆம் ஆண்டு நியூயார்க் உலக வணிக மையத்தில் குண்டு வைத்த வழக்கில் தண்டனை பெற்றவருள் ஒருவர், மாணவ விசாவில் வந்து, படிப்பைக் கைவிட்டுத் தங்கியிருந்தவர். 1996இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அயல்நாட்டு மாணவரைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறு பணித்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அவ்வேலை விரைவு பெற்று, 2003இல் ‘சேவிஸ்’ என்னும் கணினிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கல்லூரி அலமாரியில் உறங்கிய தாள்கள், இன்று அரசின் கண்முன்னே திறந்து கிடக்கின்றன. மாணவர் ஒரு பாடத்தை விடுவதும், வீடு மாறுவதும் அதில் பதிவாகின்றன.

மாணவர் செய்ய வேண்டியவை பெருஞ்செயல்கள் அல்ல. இளங்கலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ‘கிரெடிட்’ எனப்படும் பாட அலகுகளில் குறைந்தது 12 எடுத்துப் படிக்க வேண்டும். அந்தக் கணக்கில் இணையவழிப் பாடம் ஒன்று, அதாவது 3 அலகு வரையே சேரும். முதுகலை மாணவருக்கு எத்தனை என்பதை அவரது கல்வி நிறுவனமே வரையறுக்கும். பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முன் அனுமதி வேண்டும். முகவரி மாறினால் 10 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஐ-20 என்னும் படிவத்தில் குறித்த நாளுக்குள் படிப்பு முடியாதெனத் தோன்றினால், அந்நாள் வருமுன்னரே நீட்டிப்புக் கோர வேண்டும். ஊருக்கு வந்து திரும்ப எண்ணினால், புறப்படுமுன் அப்படிவத்தில் கையொப்பம் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொறுப்பாகப் பல்கலைக்கழகத்திலேயே ஓர் அலுவலர் இருக்கிறார், டி.எஸ்.ஓ. என்பர்.

பெரும்பாலான விதிகளில் ‘முன்’ என்னும் சொல் ஏதேனும் ஒரு வடிவில் வருவதைக் காணலாம். முன்னே கேட்டவருக்குத் திறக்கும் கதவு, செய்துவிட்டு வந்து நிற்பவருக்குப் பலவேளை திறப்பதில்லை. இதனை நாம் நூலில் கற்கவில்லை. நமக்கு நன்கு அறிமுகமான இரண்டு குடும்பங்களின் கண்ணீரில் கற்றோம்.

ஒரு குடும்பத்தின் மகள் அங்கே இளங்கலை படிக்கச் சென்றாள். இரண்டு பருவங்கள் நன்றாகவே கழிந்தன. மூன்றாம் பருவத்தில் அவளுக்கு உறக்கம் போயிற்று. பின்னர் படுக்கையை விட்டு எழும் மனமும் போயிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. நான்கு பாடங்களுள் இரண்டைக் கணினி வழியே ஒரு நள்ளிரவில் விட்டுவிட்டாள். எஞ்சியவை 6 அலகுகள். எவரிடமும் சொல்லவில்லை. நிலத்தை அடகு வைத்து அனுப்பிய தந்தையிடம், ‘என்னால் படிக்க முடியவில்லை’ என்று எப்படிச் சொல்வாள்? வாரந்தோறும் அலைபேசியில், ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே சொல்லி வந்தாள். அதன் பின் வந்த மின்னஞ்சல், அவளது பதிவு முடித்து வைக்கப்பட்டதாகத் தெரிவித்தது.

தந்தை அதை அச்செடுத்துக் கொண்டு நம்மிடம் வந்தார். “சாமி, என் பிள்ளை திருடினாளா, கொலை செய்தாளா? இரண்டு பாடத்தை விட்டதற்கா நாட்டை விட்டே போகச் சொல்கிறார்கள்?” என்று கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் உடனே விடை இல்லை. அங்கே குடியேற்றச் சட்டம் பயின்ற அன்பர் ஒருவரைத் தொடர்பு கொண்டோம். அவர் விளக்கிய செய்தி நம்மை மேலும் வருத்திற்று. நோயுற்ற மாணவருக்கு அதே விதிகளில் இடம் இருக்கிறது. மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ தரும் சான்றின் பேரில், பாடச் சுமையைக் குறைக்கவோ, வேண்டுமாயின் முற்றிலும் நிறுத்தவோ அந்த அலுவலரே அனுமதிக்கலாம். ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதங்கள் வரை இவ்வனுமதி உண்டு. உடல் நோய்க்கு மட்டுமல்ல, மனநோய்க்கும் இது பொருந்தும். அவள் செய்த அதே செயலை, ஒரு வாரம் முன்னதாகக் கேட்டுச் செய்திருந்தால் குற்றமே இல்லை.

இழந்த தகுதிநிலையை மீட்கவும் ஒரு வழி உண்டு. பொதுவாக 5 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் விதி மீறியவராய் இருத்தல் ஆகாது. அனுமதியின்றி வேலை செய்திருத்தல் ஆகாது. அலுவலர் தாமே அனுமதித்திருக்கக் கூடிய பாடக் குறைப்பு, கேட்காமையால் மட்டுமே மீறல் ஆயிற்று என்பதையும், மறுத்தால் கடும் இன்னல் விளையும் என்பதையும் காட்டினால், அதனை ஏற்கவும் விதியில் இடம் இருக்கிறது. அவ்வழியே அவள் விண்ணப்பித்தாள். முடிவு வரப் பல மாதங்கள் ஆயின. அதுவரை வளாக நூலக வேலையும் இல்லை. நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அந்நாள்களில்தான் அவளை வளர்த்த பாட்டி இறந்தார். அடக்கத்தை அவள் அலைபேசித் திரையில் பார்த்தாள். பின்னர் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இப்போது இறுதியாண்டில் படிக்கிறாள்.

மற்றவன் நிலை வேறு. தந்தை நோயுற்று வீட்டிலிருந்து பணம் வருவது நின்றபோது, இரண்டாம் ஆண்டில் இருந்த அம்மாணவன், இரவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ரொக்கக் கூலிக்கு நின்றான். எதிர்பாராத கடும் பணமுடைக்கு ஆளான மாணவர், ஒரு கல்வியாண்டு முடித்திருந்தால், வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முறைப்படி அனுமதி கோரலாம். அவன் அதைக் கேட்டறியவில்லை. கூலி வேலை வெளிப்பட்டபோது, மீட்பு வழியும் அவனுக்கு மூடியிருந்தது. ஊர் திரும்பினான். படிப்பு பாதியில் நின்றது. கடன் மட்டும் நிற்கவில்லை. அவன் சோம்பலால் அல்ல, பாசத்தால் அவ்வேலைக்குப் போனவன் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

கல்வி நிறுவனத்தைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் 2011இல் மூடப்பட்டபோது, அங்கே பெயர் பதிந்திருந்த இந்திய மாணவர் பலர் நிர்க்கதியாயினர்; சிலரது கணுக்காலில் கண்காணிப்புக் கருவியும் பூட்டப்பட்டது. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் இயங்கியது, அரசின் குடியேற்றப் புலனாய்வினரே விரித்த வலை என்பது 2019 ஜனவரியில் தெரிய வந்தது. அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பிடிபட்டவருள் பெரும்பாலோர் இந்தியர். வகுப்பே நடவாத இடத்தில் பெயர் மட்டும் இருந்தால், அது எத்தனை மலிவாயினும் தகுதிநிலையைக் காக்காது.

விதியைக் காத்தவருக்கு அச்சமே இல்லை என்று சொல்லவும் நம்மால் இயலவில்லை. 2020 ஜூலை 6 அன்று, பெருந்தொற்றின் நடுவே, வகுப்புகள் அனைத்தும் இணையவழியில் நடக்கும் கல்லூரிகளின் அயல்நாட்டு மாணவர் நாட்டில் தங்க முடியாது என அறிவிக்கப்பட்டது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவை வழக்குத் தொடுத்தன. 14ஆம் நாளே அறிவிப்பு கைவிடப்பட்டது. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவரின் சேவிஸ் பதிவுகள் திடீரென முடித்து வைக்கப்பட்டன. அவர்களுள் சிலர் மீது இருந்தவை சிறிய போக்குவரத்து வழக்குகளே. நீதிமன்றங்கள் தலையிட்டபின் ஏப்ரல் இறுதியில் பதிவுகளை மீட்பதாக அரசு கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், படிப்பு நீடிக்கும் வரை தங்கலாம் என்னும் நெடுநாள் வழக்கத்துக்கு மாற்றாக, 4 ஆண்டுகளுக்கு மிகாத குறித்த காலம் வழங்கும் முன்மொழிவும் வெளியாயிற்று. ஆகவே, அண்ணன் சென்ற காலத்து விதியைத் தம்பி நம்பியிருத்தல் ஆகாது. தன் கையிலுள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவனே படிக்க வேண்டும். விளங்காததை அலுவலரிடமே கேட்க வேண்டும். அறைத் தோழனின் சொல் அதற்கு ஈடாகாது.

இங்கிருக்கும் பெற்றோருக்கு இதில் பங்கில்லையா? நிறையவே உண்டு. அம்மகளின் வாயை அடைத்தது சட்டமன்று, நம் எதிர்பார்ப்பே. பிள்ளை அழைக்கும்போது மதிப்பெண்ணையும் வேலை வாய்ப்பையும் விசாரிக்கிறோம். அவற்றோடு, ‘இந்தப் பருவத்தில் எத்தனை பாடம் படிக்கிறாய்? இரவில் உறங்குகிறாயா? அந்த அலுவலரைப் போய்ப் பார்த்தாயா?’ என்றும் கேட்போம். விமானம் ஏறும் முன்னரே, ‘ஒரு பாடம் விட நேர்ந்தாலும், ஓராண்டு கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை; முதலில் எங்களிடம் சொல்’ என்று வாய் திறந்து கூறிவிடுவோம். வீட்டில் தோல்வியைச் சொல்லத் துணிந்த பிள்ளைதான், அலுவலகக் கதவையும் காலத்தே தட்டும். இனிப்புப் பெட்டியோடு வரும் பெற்றோரிடம் நாம் இப்போதெல்லாம் வேண்டிக் கேட்டுக் கொள்வது இது ஒன்றே.