மூச்சு வாங்க வரும் மீன்

பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரிலிருந்து மேற்கே செல்லும் படகில் கட்டில் கிடையாது. பயணிகள் தூளிகளைக் கட்டி, ஒருவரையொருவர் உரசியபடி உறங்க வேண்டியதுதான். அவ்வாறு இரண்டு இரவுகளைக் கழித்தபின் நாம் தெஃபே என்னும் ஊரை அடைந்தோம்.

அதற்கு அருகில், அமேசானோடு ஜப்புரா நதி கலக்குமிடத்தில், மாமிராவா என்னும் வெள்ளக்காடு பரந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நீர் 10 மீட்டருக்கும் மேல் உயரும். வெள்ளம் வடிந்ததும் காட்டினுள் ஏரிகள் தனித்தனியே நிற்கும். அவ்வேரிகளில் வாழ்வதே 'பிரருக்கு' எனப்படும் அரபைமா மீன். மூன்று மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் எட்டக்கூடியது. வால்புறச் செதில்களில் செந்நிறம் படர்ந்தது. சிறு மீன்களை ஒரே வாயில் உறிஞ்சி விழுங்குவது. எலும்பாலான அதன் நாக்கை உலர்த்தி, குவரானாக் கட்டியைத் துருவும் அரமாக அம்மக்கள் பயன்படுத்துவர்.

நம் குளத்து விராலை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பு வியப்பளிக்காது. விராலைப் போலவே இதுவும் காற்றை நேரே சுவாசிக்கும். குஞ்சுகளைக் கண்ணுங்கருத்துமாய்க் காக்கும். செவுள்கள் சிறியவையாதலால், 10 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே தீரவேண்டும். நீருக்கடியில் பிடித்து வைத்தால் மூழ்கி இறந்துவிடும். மீன் மூழ்கிச் சாவதாவது என்று நாமும் முதலில் நகைத்தோம்!

மேலே வரும் அந்தக் கணத்திற்காகவே ஈட்டி காத்திருந்தது. உப்பிட்டு உலர்த்திய இதன் இறைச்சி தவக்காலத்தில் வீடுதோறும் விரும்பப்படும் உணவு. தவத்திற்கென்று உண்ட மீனே அருகிப் போயிற்று. 1996-ல் அமேசோனாஸ் மாநிலத்தில் இதைப் பிடிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, தெஃபே மேற்றிராசனத்தின் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள் தத்தம் ஏரிகளை வெளியூர்ப் படகுகளிடமிருந்து காக்க முற்பட்டிருந்தன.

1999-ல் மாமிராவாவில் புதியதொரு முறை தொடங்கிற்று. மேலே வரும் மீன்களை மீனவரே எண்ணுவர். வளர்ந்தவற்றுள் நூற்றுக்கு 30-க்கு மிகாமல் பிடிக்க அனுமதி கிடைக்கும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தவற்றைத் தொடலாகாது. 2006-க்குள் அங்கே மீன்தொகை ஏறத்தாழ ஒன்பது மடங்காயிற்று.

அந்த எண்ணிக்கையைக் காண ஒரு முதியவரின் தோணியில் அமர்ந்தோம். 20 நிமிடம் அசைவின்றி இருக்கவேண்டும். நீர் பிளக்கும் ஓசையைக் கேட்டே பெரியதா சிறியதா என்று கண்டு, தாளில் கோடிடுவார். இடையே நாம் இருமிவிட்டோம். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், குருவானவர் என்ற மரியாதை சற்றுக் குறைந்தே இருந்தது.

காவல் எளிய வேலையன்று. மேற்கே, ஜவாரிப் பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களின் நீர்களில் இம்மீனைத் திருடுவோரைப் பற்றி உலகறியச் செய்ய முயன்ற பத்திரிகையாளர் டோம் பிலிப்ஸும் அவருடைய துணைவர் புருனோ பெரெய்ராவும் 2022 ஜூனில் கொல்லப்பட்டனர். அதைப் பற்றி முதியவரிடம் கேட்டோம். "தெரியும், சாமி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு ஏரிவாயில் மிதக்கும் காவல்குடிலுக்குச் செல்வது அவருடைய முறை. விளக்கொன்றையும் காப்பிக் குடுவையையும் எடுத்துக்கொண்டு தனியே துடுப்பு வலித்துப் போனார்.