விருந்தோம்பும் பலகை

எம் வகுப்பு நண்பர் ஒருவர் கண்பார்வையற்றவர். பிறர் வாசிக்கக் கேட்டே பயின்று வந்தவர். பிறருடைய ஓய்வை எதிர்நோக்கியிராமல் அவர் தாமே பாடங்களைக் கேட்டறியுமாறு ஒரு சிறு கருவி செய்து தருவதாகச் சென்ற தை மாதத்தில் யாம் மூவர் வாக்களித்தோம். பங்குனியில் அவருக்கு இறுதித் தேர்வு.

ஆய்வுக்கூடத்து அலமாரியில் பழைய பீகிள்போர்டு ஒன்று கிடந்தது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த வகை அது. உள்ளங்கையளவே உள்ளதாயினும் லினக்ஸ் அதில் நன்கு இயங்கும். தமிழை உரத்து வாசிக்கும் ஈஸ்பீக் என்னும் நிரலை அதில் ஏற்றினோம். எஞ்சியது ஒரு விசைப்பலகையைப் பூட்டுவதே. அரைநாள் வேலை என்று எண்ணினோம், பூட்டினோம், விசைப்பலகையின் விளக்குங்கூட எரியவில்லை.

யூ.எஸ்.பி. முறையில் ஹோஸ்ட் எனப்படுவோன் விருந்தோம்புவான். அவனே பேச்சைத் தொடங்குவான். வந்தவனை யாரென வினவுவான். 5 வோல்ட் மின்னும் ஊட்டுவான். விருந்தாளியோ கேட்டாலன்றி வாய்திறவான். மேசைக் கணினி எஞ்ஞான்றும் விருந்தோம்புவதே. எம் பலகையின் வாயில், 2001இல் வகுக்கப்பெற்ற ஓ.டி.ஜி. முறையைச் சார்ந்தது; தன் நிலை யாதென்பதைச் செருகியைக் கண்டே துணியும். மினி செருகியின் 5 முனைகளுள் 4ஆவது, தரைமுனையாகிய 5ஆவதோடு இணைந்திருப்பின் அது ஹோஸ்ட், இன்றேல் விருந்தாளி. யாம் கடையில் வாங்கிய இணைப்பானிலோ அம்முனை தனித்தே விடப்பட்டிருந்தது. விருந்தாளிகள் இருவர் எதிரெதிரே அமர்ந்து, சோறிடுவார் யாரென ஒருவரையொருவர் நோக்கியிருந்தாற்போலாயிற்று. செருகியைப் பிளந்து அவ்விரு முனைகளையும் ஈயத்தால் பற்றவைத்தோம்.

அப்பொழுதும் பயனில்லை. கெர்னலை ஆராய்ந்தோம். அவ்வாயிலை ஆளும் எம்.யூ.எஸ்.பி. என்னும் இயக்கி விருந்தாளி நிலைக்கு மட்டுமே தொகுக்கப்பட்டிருந்தது. (ராஸ்பெரி பை ஸீரோ போன்ற பிற்காலப் பலகைகளில் டிவைஸ் ட்ரீயில் ஒரு சொல்லை மாற்றினாற் போதும்; எமக்கு அப்பேறு வாய்க்கவில்லை.) ஹோஸ்ட் நிலையையும் சேர்த்து மறுபடி தொகுத்தோம். விசைப்பலகை உயிர்பெற்றது. நண்பர் தம் பெயரைத் தட்டினார். பலகை அதனைக் கரகரத்த குரலிற் சொல்லக் கேட்டு நெடுநேரம் நகைத்தார்.

பாடங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன. அதனையும் விசைப்பலகையையும் ஒருங்கே பூட்டுதற்பொருட்டுச் சிறியதொரு ஹப் வைத்தோம். இரண்டும் ஒருசேர மாண்டன! 'வி-பஸ் பிழை' என்னும் வரியொன்று திரையில் ஓயாது தோன்றிற்று. வி-பஸ் என்பது மின்னூட்டும் கம்பி. அச்சொல்லே உண்மையை உரைத்துக்கொண்டிருந்தும், நிரலறிவோம் என்னும் செருக்கினால், பதினைந்து நாள் இயக்கியின் மூலநிரலையே குடைந்துகொண்டிருந்தோம். அந்நாட்களை எண்ணுந்தோறும் இன்றும் நாணுகின்றோம். அவை எம்முடையவை அல்ல, நண்பருடையவை.

ஒருநாள் அவர் பொறுமையாகக் கேட்டார்: "விசைப்பலகை தனித்திருக்கையில் அது மயங்கவில்லையே? மற்றவையும் சேர்ந்தால்தானே மயங்குகிறது? வயிற்றுக்குப் போதுகிறதா என்று பார்த்தீர்களா?"

யாம் பார்க்கவில்லை. மேசைக் கணினியின் யூ.எஸ்.பி. 2.0 வாயில் 500 மில்லியாம்பியர் வரை தரக் கடமைப்பட்டது. இவ்வாயில் தரவல்லது 100 மட்டுமே. விசைப்பலகைக்கு அது போதும். ஹப்பும் பென் டிரைவும் சேர்ந்தால் எங்ஙனம் போதும்? தனக்கென மின்னிணைப்பு உடைய ஹப் ஒன்றை அன்று மாலையே இரவல் வாங்கிவந்து பூட்டினோம். கெர்னலில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. யாவும் இயங்கின.

தேர்வுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. அன்றிரவு அவர் முதற் பாடத்தைத் தாமே திறந்தார். நன்றி கூறி, இனிப் போகலாமென்றார். யாம் வெளியே வந்தும் கதவருகே சிறிதுபோழ்து நின்றிருந்தோம். உள்ளே அக்கரகரத்த குரல் வாசித்துக்கொண்டிருந்தது. இடையிடையே விசைகள் தட்டப்படும் ஓசையும் கேட்டது.