சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டால்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வின் முதல் நாலைந்து நிமிடம் சாதாரண விஷயங்களைத்தான் கேட்பார்கள். சொந்த ஊர், வேலை, சாப்பாடு. சைக்கிளும் வரும். உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா, சின்ன வயதில் ஓட்டினீர்களா, உங்கள் ஊரில் ஓட்டுகிறவர்கள் அதிகமா, இனிமேல் பெருகுமா. இங்கிலாந்தில் நர்சாகச் சேர பேச்சில் 7 வேண்டும். எனக்கு வார்டு வேலையைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. சைக்கிள் இருக்கிறதா என்றால் ‘இருக்கிறது’ என்பதற்கு மேல் வாய் வரவில்லை.

பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பதிலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது. ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய தேர்வாளருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஐயம்பேட்டையில், காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், எங்கள் வீடு. அப்பா குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்வார். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா என்பதால் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டே ஒருநாள் தேர்வுக் கேள்வியைத் தமிழில் அப்பாவிடம் கேட்டேன்.

“சைக்கிள் இருக்காப்பா?”

மிதியை நிறுத்தாமலே சொன்னார். “இருக்குதேம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின ஹெர்குலிஸ். காஞ்சிபுரத்துக்குச் சேலை எடுத்துனு போறதுக்குன்னே வாங்கினேன். கேரியர்ல மூட்டைய வச்சி டியூப்பால இறுக்கிக் கட்டுவேன். மழை வந்தா பிளாஸ்டிக் சீட்டு. இப்ப முட்டி வலி, கடைத்தெரு வரைக்கும்தான் ஓட்டறது.”

வாங்கிய காலம், வாங்கிய காரணம், அன்றைய பழக்கம், இன்றைய நிலைமை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. எங்கள் தெருவில் யாருமே ‘இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்தமாட்டார்கள். பிறகு அடுப்படியில் அம்மாவிடம், திண்ணையில் பெரியம்மாவிடம் என்று கேள்விகளை எல்லாம் தமிழில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு பள்ளம் இருந்தது. ‘கட்டுவேன்’ என்றார் அப்பா. நடந்து முடிந்த பழக்கத்துக்கும் நாளை செய்யப்போவதற்கும் நமக்கு ஒரே வினைமுற்றுதான். அதை அப்படியே கொண்டுபோனால் சின்ன வயதுக் கதைக்கு ‘ஐ வில் ரைடு’ என்று வந்து நிற்கும். அங்கே ‘ஐ யூஸ்ட் டு ரைடு’ வேண்டும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கையும் சமமாக வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். சைக்கிள் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள்: ஒன்று நிகழ்காலம், ஒன்று இறந்தகாலம், ஒன்று எதிர்காலம். நம் காலம் எங்கே தடுக்குகிறது என்பதை அவையே காட்டிக்கொடுக்கும்.

தேர்வின் கடைசிப் பகுதியில் விவாதம். சைக்கிள் சமுதாயத்துக்கு என்ன செய்தது என்று கேட்டால் தமிழ்நாட்டுப் பிள்ளை திணறவே கூடாது என்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். கல்குவாரித் தொழிலாளிகள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புக்கே விரிந்தது. அந்தச் சைக்கிளில்தான் நானும் பள்ளிக்கூடம் போனேன். பஸ்ஸுக்குக் காத்து நின்றிருந்தால் படிப்பை நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்கிற தோழிகள் எனக்கு உண்டு. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு புகை இல்லாத வாகனம் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எனக்கு ஆறவே இல்லை.

பாதியில் தேர்வாளர் குறுக்கிட்டால் பயப்படவும் வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் நேரக் கணக்கு இருக்கிறது, அதனால் நிறுத்துகிறார்கள்.

எனக்குத் தேவையான 7 வந்தது. இப்போது எங்கள் தெருவில் இன்னொரு பெண் படிக்கிறாள். போனில் முதலில் தமிழில்தான் கேட்பேன். சைக்கிள் கேள்விக்கு, அண்ணனிடம் பஞ்சர் ஒட்டக் கற்ற கதையைச் சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘பேட்ச்’ ஞாபகம் வரவில்லை. நிற்கவில்லை, ஓட்டையின் மேல் ஒட்டுகிற சின்ன ரப்பர் துண்டு என்று ஆங்கிலத்திலேயே சுற்றிச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள். அப்படிச் சுற்றிச் சொல்லத் தெரிவதற்கும் சொல்வளத்தில் மதிப்பெண் உண்டு என்று அவளிடம் சொன்னேன்.